தூரின் நகரத்துப் பாவைகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பற்றியோ இசை பற்றியோ பேசுவது வழக்கம். இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள் பொம்மை. அதிலும் இத்தாலி நாட்டுப் பொம்மை. முன்வரிசையில் சிலர் புன்னகை புரிவது தெரிகின்றது. சற்று முன் இதே மேடையில் குழந்தைகள் மாறுவேடம் புனைந்து வந்தபோது கைவலிக்கத் தட்டி மகிழ்ந்த நாம், பொம்மையைப் பற்றிப் பேசுவதைச் சிறுபிள்ளை விளையாட்டென்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. மேலும், பிழைப்பை நாடி இவ்வூருக்கு வந்த நம்மவருள் பலர் ஆலைகளிலும் தொழிற்கூடங்களிலும் வணிக நிலையங்களிலும் பணியாற்றுகின்றனர். ஒரு தொழில் எவ்வாறு பிறக்கின்றது, எவ்வாறு ஓங்குகின்றது, யார் கைக்கு மாறுகின்றது, எவ்வாறு மறைகின்றது என்பன நமக்குப் புறம்பான செய்திகள் அல்ல.

நாம் சொல்லப் புகுவது 'லென்ச்சி' என்னும் நிறுவனத்தின் வரலாறு. இத்தாலியின் வடமேற்கே ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் அமைந்த தூரின் நகரில், கணவனும் மனைவியுமாக இருவர் 1919-ஆம் ஆண்டில் அதனைத் தோற்றுவித்தனர். பின்னர் வேறொரு குடும்பத்தார் கைக்குச் சென்று, 2002-ஆம் ஆண்டில் அது மூடப்பெற்றது. இரு குடும்பங்கள், எண்பது ஆண்டுக்கு மேற்பட்ட காலம்.

முதல் உலகப் போருக்கு முன் ஐரோப்பாவில் பொம்மை என்றாலே ஜெர்மனிதான். துரிங்கியா நாட்டுச் சோன்னபெர்க் நகரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் ஏழைக் குடும்பங்கள் தத்தம் வீட்டிலேயே அமர்ந்து, ஒருவர் தலை, ஒருவர் கை கால், ஒருவர் சட்டை எனச் செய்து கொடுக்க, அவை ஒன்று சேர்ந்து கப்பலேறி உலகெங்கும் சென்றன. அவற்றுள் உயர்ந்தவை பீங்கான் முகம் கொண்டவை. மெருகு பூசாத அம்முகம் மனிதத் தோலைப் போலவே தோன்றும். கண்ணாடிக் கண்கள் உயிருள்ளவை போல் பார்க்கும். ஆயின், ஒருமுறை தரையில் விழுந்தால் கதை முடிந்தது. செல்வர் வீட்டுக் குழந்தைகளும் அப்பொம்மையோடு விளையாடியதை விட, அதனைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்த நேரமே மிகுதியாக இருந்திருக்கும். போர் மூண்டதும் ஜெர்மனியிலிருந்து வந்த சரக்கு நின்றது. இத்தாலியக் கடைகளில் இடம் காலியாயிற்று.

அந்தக் காலியிடத்தை நிரப்ப வந்தவர் வணிகர் அல்லர். குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாய்.

எலேனா கோனிக் அம்மையார் 1886-இல் தூரின் நகரில் பிறந்தவர். தந்தை வழி ஜெர்மன் மொழி பேசும் குடும்பம். வீட்டார் செல்லமாக அழைத்த பெயர் லென்ச்சி. இளமையில் ஜெர்மனி சென்று புகைப்படக் கலை பயின்றார். ஒளியும் நிழலும் முகத்தின் மீது விழும் முறையை அறிந்த கண் அவருக்கு அன்றே வாய்த்தது. பிற்காலத்தில் அவர் செய்த பாவைகளின் முகத்தைக் காண்போர்க்கு இது விளங்கும். என்ரிக்கோ ஸ்காவினி என்பாரை மணந்தார். தலைக்குழந்தை கைக்குழந்தையாகவே இறந்தது. கணவர் போர்ப்பணியில் வெளியே இருந்த காலம் அது. வெறுமையான வீட்டில் கையைச் சும்மா வைத்திருக்க இயலாமல் அவர் பொம்மை செய்யத் தலைப்பட்டார் என்று அவர் வரலாற்றை எழுதுவோர் யாவரும் கூறுகின்றனர். துயரத்தைத் தொழிலாக்கினார் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நமக்கு அச்சொல் உவப்பாக இல்லை. வேறெதுவும் செய்யத் தோன்றாத நாட்களில் கை தானே ஒரு வேலையைத் தேடிக்கொள்கின்றது, அவ்வளவே.

பீங்கானுக்கு மாறாக அவர் தேர்ந்தெடுத்த பொருள் ஃபெல்ட் என்னும் கம்பளித் துணி. இதைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் லென்ச்சியின் வரலாறு முழுவதும் இத்துணியைச் சுற்றியே சுழல்கின்றது. இது தறியில் நெய்யப்படுவது அன்று. ஆட்டு மயிரின் ஒவ்வோர் இழையிலும் மீன்செதிள் போன்ற நுண்ணிய செதிள்கள் உண்டு. ஈரமும் வெப்பமும் அழுத்தமும் ஒருங்கே பட்டால் அச்செதிள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு மயிர் முழுவதும் ஒரே படலமாக இறுகிவிடும். காசுமீரத்தில் நம்தா விரிப்பு செய்வது இம்முறையில்தான். பாவும் ஊடும் இல்லாமையால் இதனை எங்கு வெட்டினாலும் விளிம்பு பிரியாது. மற்றொரு சிறப்பும் உண்டு: நீராவியில் காட்டி அச்சின் மேல் இழுத்து அழுத்தினால், அந்த வடிவத்தை ஏற்று அப்படியே நிற்கும். தொப்பி செய்வோர் இக்கலையில் வல்லவர்கள். தூரின் நகரம் உள்ள அதே பியெட்மோன்ட் மாநிலத்தில், அலெசாந்திரியா என்னும் ஊரில், 1857 முதல் புகழ்பெற்று விளங்கும் பொர்சலீனோ தொப்பிகள் ஃபெல்டினால் ஆனவையே.

ஃபெல்ட் பொம்மை அதற்கு முன்பும் இருந்தது. ஜெர்மனியில் கீங்கன் ஊரில், இளம்பிள்ளை வாதத்தால் நடக்க இயலாத மார்கரெட் ஸ்டைஃப் என்னும் தையற்கார அம்மையார் 1880-இல் ஃபெல்டினால் சிறு யானை ஒன்றைச் செய்ததும், அதிலிருந்து பெருந்தொழில் வளர்ந்ததும் பலரும் அறிந்தவை. அந்நிறுவனம் மனித உருவப் பொம்மைகளும் செய்தது. ஆனால் அவற்றின் முகத்தில் நெற்றியிலிருந்து மோவாய் வரை நடுவே ஒரு தையல் ஓடும். தட்டையான துணியைக் கொண்டு உருண்டையான முகம் சமைக்க வேண்டுமெனில் இரு துண்டுகளை இணைத்தே ஆக வேண்டும் என்பது தையற்கலையின் கணக்கு. எலேனா அம்மையாரும் அவர் உடன்பிறந்த புபீனே என்பாரும் அக்கணக்கை மாற்றினர். ஒரே துண்டு ஃபெல்டை நீராவியில் பதப்படுத்தி, அச்சில் இட்டு அழுத்தி, மூக்கும் கன்னமும் உதடும் எழும்பிய முகமாக்கினர். தையல் இல்லை, மூட்டு இல்லை. குழந்தை கட்டிக்கொண்டு உறங்கலாம், மாடிப்படியிலிருந்து எறியலாம், உடையாது.

போர் முடிந்து 1919-இல் நிறுவனம் உருவாயிற்று. அம்மையாரின் செல்லப் பெயரே வணிகக் குறியாயிற்று. லென்ச்சி என்னும் அப்பெயரின் எழுத்துக்களை முதலெழுத்தாகக் கொண்டு இலத்தீன் மொழியில் ஒரு வாசகமும் அமைத்தனர்: லூடுஸ் எஸ்ட் நோபிஸ் கோன்ஸ்தாந்தெர் இந்துஸ்திரியா. 'விளையாட்டே நமக்கு இடையறாத தொழில்' என்பது அதன் பொருள். உடன் ஒரு பம்பரத்தின் உருவம். வீட்டில் அழைக்கும் பெயருக்கு இலத்தீன் விளக்கம் கற்பித்த குறும்பை நாம் மிகவும் விரும்புகின்றோம்.

என்ரிக்கோ வணிகத்தைக் கவனித்தார். கலையை அம்மையார் பார்த்துக்கொண்டார். அவர் செய்த அறிவார்ந்த செயல், ஊரிலிருந்த சிறந்த ஓவியர்களையும் சிற்பிகளையும் பொம்மைத் தொழிலுக்குள் அழைத்து வந்தது. சுவரொட்டிச் சித்திரத்தில் இத்தாலி முழுவதும் புகழ்பெற்ற மார்செல்லோ தூதோவிச், பின்னாளில் 'தூரின் அறுவர்' எனப் பெயர் பெற்ற ஓவியர் குழுவில் ஒருவரான ஜீஜி கெஸ்ஸா, மாரியோ ஸ்தூரானி முதலியோர் அந்நிறுவனத்திற்கு வரைந்தும் வடித்தும் கொடுத்தனர். ஓவியர்கள் பொம்மைக்கு வரைவது தம் தகுதிக்குக் குறைவு என்று எண்ணாத காலம் அது. அல்லது, அவ்வாறு எண்ணவிடாத ஓர் அம்மையார் அங்கிருந்தார்.

லென்ச்சிப் பாவையை ஒருமுறை கண்டவர் மறுமுறை எங்கே கண்டாலும் அடையாளம் காண்பர். கண்கள் நேரே பாரா, ஓரமாகப் பார்க்கும். எதையோ செய்துவிட்டுத் தாய் வருகின்றாளா என்று நோக்கும் குழந்தையின் பார்வை. கண்மணியில் தூரிகையால் தொட்டு வைத்த இரு வெண்புள்ளிகள். உதடுகளுள் மேலது அழுத்தமான நிறம். கீழது சற்று வெளிறியது. பல முகங்கள் சிரிப்பதில்லை, சிணுங்குகின்றன. அழகிய பொம்மை சிரித்தே தீர வேண்டும் என்னும் வழக்கை உடைத்தது பெரிய துணிச்சல். கை விரல்களில் நடுவிரலும் மோதிர விரலும் ஒன்றாகத் தைக்கப்பட்டிருக்கும். ஏனையவை பிரிந்து நிற்கும். தலைமயிர் அங்கோரா ஆட்டின் மோஹேர் மயிர். ஆடைகள் ஃபெல்டும் ஆர்கண்டியும். ஆர்கண்டியின் மேல் ஃபெல்டில் வெட்டிய சிறு பூக்கள் வரிசையாக ஓடும். முகத்தை அச்சு சமைத்தாலும், உயிர் கொடுத்தது தூரிகை பிடித்த பெண்களின் கை. ஒரே அச்சில் பிறந்த இரு பாவைகள் ஒன்று போல் இருப்பதில்லை. நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், அங்குப் பணிபுரிந்தனர்.

இத்தாலியின் பல மாநிலங்களின் நாட்டுப்புற உடைகளில் பாவைகள் வந்தன. பனிச்சறுக்கு விளையாடும் சிறுவன் வந்தான். பழங்காலச் சீமாட்டி வந்தாள். ஊமைப்படக் காலத்தில் உலகை மயக்கிய நடிகர் ருடால்ஃப் வாலண்டீனோவும் அரபு வேடத்தில் வந்தார். 1925-இல் பாரிஸ் நகரில் நடந்த மாபெரும் அலங்காரக் கலைக் கண்காட்சியில் லென்ச்சிப் பாவைகள் இடம்பெற்றுப் பாராட்டுப் பெற்றன. இலண்டனிலும் நியூயார்க்கிலும் உயர்ந்த கடைகளின் கண்ணாடிப் பேழைக்குள் அவை அமர்ந்தன.

கண்ணாடிப் பேழை என்னும் இச்சொல்லில் நாம் சற்று நிற்க வேண்டும். குழந்தை அஞ்சாமல் தூக்கி அணைக்கத்தக்க பாவை வேண்டும் என்பதன்றோ தொடக்கம்? கையால் எழுதிய முகம், கையால் தைத்த பூ, கலைஞர் வரைந்த உடை என ஒவ்வொன்றும் கூடக் கூட விலையும் ஏறிற்று. வாங்கியவர் செல்வர். அவர்களுள்ளும், நீண்ட கை கால்களோடு சிகரெட்டு பிடிக்கும் நாகரிக மங்கை உருவப் பாவைகளை வாங்கித் தம் கட்டிலின் மீதும் சாய்வு நாற்காலியின் மீதும் வைத்துக்கொண்டவர் வளர்ந்த சீமாட்டிகளே. உடையாத பொம்மை, தொடக்கூடாத பொம்மையாயிற்று. பட்டறையில் அமர்ந்து கண்மணிக்கு வெண்புள்ளி இட்ட பெண், தன் மகளுக்கு அதில் ஒன்றை வாங்கித் தந்திருக்க இயலுமா? இயலாது என்றே நாம் கருதுகின்றோம். இதனை அம்மையாரின் குறையாகச் சொல்லவில்லை. விலையைக் குறைத்திருந்தால் வேலையைக் குறைத்திருக்க வேண்டும். வேலையைக் குறைத்திருந்தால் இன்று நாம் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். எனினும் பம்பரத்தைக் குறியாக வைத்த நிறுவனத்தில் இம்முரண் முதலிலிருந்தே இருந்தது.

1928-இல் பீங்கான் சிற்பங்களும் செய்யத் தொடங்கினர். அடுத்த ஆண்டு மிலான் நகரில் அவற்றைக் காட்சிக்கு வைத்தனர். எந்தப் பீங்கானை விட்டு விலகித் தொழில் தொடங்கினாரோ அதே பீங்கானுக்கு அம்மையார் திரும்பி வந்தது வேடிக்கையே. இம்முறை குழந்தைகளுக்காக அன்று, வீட்டு அலமாரிகளுக்காக. அவர் கையாலேயே வடித்த பெண்ணுருவங்கள் பல உண்டு. இன்று கலை வரலாற்று நூலோர் பாவைகளை விட இவற்றையே பெரிதும் போற்றுகின்றனர். நம் விருப்பம் ஃபெல்ட் பாவைகளின் பக்கமே.

நிற்க. வீழ்ச்சிக்கு வருவோம். முதற்கண் போலிகள். இங்கிலாந்தில் சாட் வாலி, டீன்ஸ், நோரா வெல்லிங்ஸ் ஆகியோரும், பிரான்சில் ரெய்னால் நிறுவனமும், ஏன், இத்தாலியிலேயே வேறு பலரும் அழுத்திய ஃபெல்ட் முகத்தோடு பொம்மைகளைச் செய்து குறைந்த விலைக்கு விற்றனர். அவற்றுள் சில நல்ல பொம்மைகளே. அடுத்தது நாணயம். முசோலினியின் அரசு நாட்டின் பெருமைக்காக இத்தாலிய லீராவின் மதிப்பை உயர்த்த முனைந்தது. 1926-ஆம் ஆண்டு நடுவில் ஒரு பவுனுக்கு 150 லீரா வரை சென்ற மதிப்பு, 1927-ஆம் ஆண்டு இறுதியில் ஏறக்குறைய 92 லீராவில் நிலைநிறுத்தப்பட்டது. இதன் பொருள் யாது? தூரினில் ஒரு காசும் கூலி கூடாத நிலையில், இலண்டன் கடையில் இத்தாலியப் பொருளின் விலை ஏறிற்று. ஏற்றுமதியை நம்பி வாழ்ந்த ஒவ்வோர் இத்தாலியத் தொழிலும் இதனால் நலிந்தது. 1929-இல் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. 1930-இல் அமெரிக்கா இறக்குமதி வரியை உயர்த்தியது. நெருக்கடி வந்தால் செல்வர் முதலில் நிறுத்துவது பொம்மை வாங்குவதையே. எத்தியோப்பியா மீது முசோலினி படையெடுத்ததன் விளைவாக, 1935 நவம்பர் முதல் 1936 சூலை வரை சர்வதேச சங்கத்தின் உறுப்பு நாடுகள் பல இத்தாலியப் பொருள்களை வாங்குவதையே தடை செய்தன. ஓரமாகப் பார்க்கும் பாவைகளுக்கும் அபிசீனியப் போருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். துறைமுகத்துச் சுங்க அதிகாரிக்கு அந்தத் தொடர்பு நன்கு தெரியும்.

ஸ்காவினி குடும்பம் தனித்து நிற்க இயலாது போயிற்று. 1930-களின் தொடக்கத்தில் கரெல்லா குடும்பத்தார் முதலீட்டோடு உள்ளே வந்தனர். 1937 அளவில் நிறுவனம் முற்றிலும் அவர்களுடையதாயிற்று. ஆக, எலேனா அம்மையாரின் வீட்டுச் செல்லப் பெயர் சட்டப்படி மற்றொரு குடும்பத்தின் உடைமையாகிவிட்டது. வணிகக் குறியாகத் தம் பெயரைக் கொடுப்பவர்களுக்கு நேரக்கூடிய நிலை இது. தொழிற்கூடத்தை விற்றால் இன்னொன்று கட்டலாம். தன் பெயரை விற்றவர் அப்பெயரில் இன்னொரு பாவை செய்ய இயலாது.

கரெல்லா குடும்பத்தாரைப் பற்றி நூல்களில் அவ்வளவாகப் பேச்சில்லை. தோற்றுவித்தவரைப் பாடுவோர், காத்தவரை மறந்துவிடுவது எங்கும் உள்ளதே. முதற்குடும்பம் நடத்தியது இருபது ஆண்டுகளுக்கும் குறைவு. இரண்டாம் குடும்பம் நடத்தியது அறுபது ஆண்டுகளுக்கு மேல். இரண்டாம் உலகப் போரில் தூரின் நகரம் விமானக் குண்டுகளால் சிதைந்தது. போர் முடிந்தபின் பிளாஸ்டிக் வந்தது. இத்தாலியிலேயே மாந்துவா பக்கத்துப் ஃபூர்கா போன்ற நிறுவனங்கள், தலைமயிரைச் சீவி முடிக்கத்தக்க பிளாஸ்டிக் பொம்மைகளை எளிய வீடுகளுக்கும் எட்டச் செய்தன. குழந்தைக்கு எது பிடிக்கும்? குளிப்பாட்டக்கூடிய பொம்மையே பிடிக்கும். ஃபெல்டைக் குளிப்பாட்ட முடியாது. 1964-இல் லென்ச்சியின் பீங்கான் பிரிவு மூடப்பட்டது; பாவைகள் தொடர்ந்தன.

எலேனா அம்மையாரோ ஓயவில்லை. அவருக்குப் பிற்பாடு பிறந்து வளர்ந்த மகள் அனீலி, தூரினிலேயே 'அனீலி' என்னும் தம் பெயரில் ஃபெல்ட் பாவைகள் செய்யத் தொடங்கினார். தாயும் துணை நின்றார். இம்முறையும் வீட்டுப் பெயரே குறியாயிற்று. அம்மையார் 1974-இல் மறைந்தார்.

அதன்பின் நிகழ்ந்தது சுவையானது. 1920-களில் பிறந்த பாவைகளைப் பழம்பொருள் திரட்டுவோர் தேடித் தேடி வாங்கத் தொடங்கினர். அவற்றுள் பல அழிந்துபோயிருந்தன. பீங்கானைத் தரை உடைத்தது. ஃபெல்டை அந்துப்பூச்சி தின்றது. கம்பளி இருக்கும் இடத்தை அந்து எப்படியும் கண்டுபிடித்துவிடும். கன்னத்தில் ஒரு துளையும் இல்லாத, உள்ளங்காலில் முத்திரை அழியாத, சட்டையில் பெயரட்டை தொங்கும் பாவைக்கு ஏல மண்டபங்களில் பெரும் விலை கிடைத்தது. கரெல்லா குடும்பத்தார் பத்திரமாக வைத்திருந்த பழைய அச்சுகளை 1970-களின் இறுதியில் மீண்டும் எடுத்து, அதே முகங்களை எண்ணிட்டுக் குறைந்த தொகையில் வெளியிட்டனர். அவற்றையும் வாங்கியவர் வளர்ந்தவர்களே. இவ்வாறு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடி, 2002-இல் நிறுவனம் கதவை அடைத்தது.

இனி எஞ்சியிருப்பது ஒன்று. இத்தாலியில் இன்று நூல், ஊசி, பொத்தான் விற்கும் எந்தச் சிறு கடைக்குச் சென்றாலும் 'பான்னோ லென்ச்சி' என்று கேட்டால், வண்ண வண்ண ஃபெல்ட் துணியைத் தாள் தாளாக எடுத்து நீட்டுவர். பான்னோ என்றால் துணி. லென்ச்சி என்பது அம்மையாரின் பெயர். வணிகக் குறியாயிருந்த சொல் துணிக்கே பொதுப் பெயராகி அகராதியிலும் ஏறிவிட்டது. அத்துணியில் பெரும்பகுதி இப்போது ஆட்டு மயிர் அன்று, செயற்கை இழை. ஆகவே அந்தும் அதனைத் தீண்டாது, விலையும் சொற்பம். பள்ளிப் பிள்ளைகள் அதனைக் கத்தரித்துப் பூவும் முயலும் பொம்மையும் செய்கின்றனர். விளிம்பு பிரியாத துணி ஆதலால் தைக்கத் தெரியாத குழந்தையும் பசையிட்டு ஒட்டிவிடலாம். லென்ச்சி என்றால் யார் என்று கேட்டால், அது ஒரு துணியின் பெயர் என்றே அப்பிள்ளைகளுள் பலர் சொல்லக்கூடும்.